சொற்பட்டியல்காரர்

ஒரு காலத்தில் கடைசல் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இன்று கண்ணாடி மாளிகைகளாய் எழும்பி நிற்கும் மென்பொருள் நிறுவனங்களுள், பயனர் கையேடுகளைத் தமிழில் ஆக்கும் பிரிவு எங்கே உண்டோ அங்கே அவசியம் ஒருவர் இருப்பார். நிறுவனம் அளித்த உத்தியோகப் பெயர் யாதாயினும், சக ஊழியர்கள் அவருக்குச் செய்த நாமகரணம் 'சொற்பட்டியல்காரர்' என்பதே.

ஒரு பொருளுக்கு ஒரே நாமம், ஒரு நாமத்துக்கு ஒரே பொருள் என்பது அவர் சித்தாந்தம். மூன்றாம் பக்கத்தில் 'பதிவிறக்கம்' என்று புறப்பட்ட காரியம் ஏழாம் பக்கத்தில் 'தரவிறக்கம்' என்று வேஷம் மாறி வந்துவிட்டால், அன்று அவருக்கு மதிய போஜனம் இறங்காது. 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் ராஜாஜி முதலானோர் சாஸ்திரச் சொற்களை வகுக்கப் பரிபாஷைச் சங்கம் கண்டதைத் தேநீர் வேளைதோறும் நினைவூட்டுவார். கேட்பவர்கள் தேநீரைச் சீக்கிரம் குடித்துவிடுவார்கள்.

இத்தகையவருக்கு வாய்த்த ஊரோ, பூந்தமல்லி! ஒரு பலகையில் பூந்தமல்லி, மற்றொன்றில் பூவிருந்தவல்லி, நடத்துநர் வாயில் பூனமல்லி. வீட்டிலும் நிம்மதி இல்லை.

"நேற்று குழம்பு என்றாய், இன்று சாம்பார் என்கிறாய், இரண்டும் ஒன்றா, வேறா?"

"சாப்பிட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். ஆறிப்போனால் நான் பொறுப்பில்லை."

ஆயினும் ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிடுவது 'நீக்கு'. அந்தப் பெயருக்குரிய ஆவணத்தையே இல்லாமற் செய்வது 'அழி'. சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னால் நடை சலிக்கும் என்று பள்ளிக்கூடத்துக் கட்டுரை வகுப்பில் நம் ஆசிரியர்கள் போதித்ததை (வேறு எதை மறந்தாலும் இதை யாரும் மறப்பதில்லை) சிரமேற்கொண்ட இளைஞர் ஒருவர், இவ்விரண்டையும் அழகுக்காக மாற்றி மாற்றி எழுதிவைப்பாராயின், அதை நம்பிப் பொத்தானை அழுத்திய கடைக்காரரின் வருஷக் கணக்கு முழுவதும் க்ஷணத்தில் பரலோகம் சேரும். அங்கே நடையழகைப் பாராட்ட அவருக்கு மனம் வருமா?

இதைத் தடுப்பதற்கென்றே அம்மனிதர் தம் பட்டியலோடு இரவு எட்டு மணிவரை அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போகிறது. மேலதிகாரிகள் அதற்குச் சொல்லும் காரணம், ஆண்டுதோறும் வேறு வேறு சொற்களில்.