தொப்பிக்காரர் போட்ட குல்லா

கும்மிடிப்பூண்டி லோக்கல் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஊர்ந்து, கொருக்குப்பேட்டையில் காரணம் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் மூச்சு வாங்குகிற இடம் மூர் மார்க்கெட் வளாகம். வெளியே வந்து சென்ட்ரலைச் சுற்றினால் வால்டாக்ஸ் ரோடு. வீட்டில் என்னை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் சின்ன வயதில் அந்த ரோட்டில் நடக்கும்போது அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். வாலுக்கு வரி கேட்டால் அப்பாதானே கட்ட வேண்டும்?

விஷயம் வாலைப் பற்றியதல்ல, சுவரைப் பற்றியது என்று பிற்பாடு தெரிந்தது. ஹைதர் அலி 1769இல் சென்னையின் வாசல் வரை வந்து, கும்பெனியை உட்காரவைத்து ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கலக்கக் காலத்தில்தான் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழும்பியது. காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே கோடீஸ்வரராகி, பிற்பாடு லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பென்ஃபீல்டு. சுவர் உங்களைக் காப்பாற்றத்தானே, செலவை நீங்களே கொடுங்கள் என்றது கும்பெனி. அப்படி வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டா என்று சந்தேகம் கிளம்பி, கடைசிவரை அந்த வரி வசூலாகவே இல்லை. சுவரும் போய்விட்டது, மிச்சத்தைப் பார்க்க மாடிப் பூங்கா வரை போக வேண்டும். வசூலாகாத வரியின் பெயர் மட்டும் நிலைத்தது. ரோட்டுக்கு வ.உ.சி. பெயரை வைத்த பிறகும் ஆட்டோக்காரர் வாயில் வால்டாக்ஸ்தான்.

எனக்கு வேலை சிப்காட்டில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில். ஜனவரி பிறந்ததும் ஆட்களிடம் ‘ப்ரூஃப்’ கேட்பது என் தொழில். மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பவர் மாமனாருக்கே மாதாமாதம் வாடகை கொடுத்ததாகப் பன்னிரண்டு ரசீது கொண்டுவருவார். எல்லாவற்றிலும் ரெவின்யூ ஸ்டாம்ப். பன்னிரண்டும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாயங்காலம். புதிய வரிமுறை வந்து இந்த இலக்கியத்தை அநேகமாக ஒழித்துவிட்டது.

போன வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “சார், ஓவர்டைம் கொஞ்சம் கொறச்சுப் போட முடியுமா?”

அதிகமாகப் போடச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். ஏன் என்று கேட்டேன்.

“ஸ்லாப் மாறிடும் சார். பத்தாயிரம் சேத்து வாங்கப் போயி, மொத்தத்துக்கும் வரி புடிச்சிட்டா?”

அவர் பயம் வீண்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு வயது 166. அதைக் கொண்டுவந்தவர் ஒரு தொப்பி வியாபாரி.

ஸ்காட்லாந்தில் ஹாயிக் என்ற ஊர்க்காரர் ஜேம்ஸ் வில்சன். தொப்பி செய்யக் கற்றுக்கொண்டு, லண்டனில் தொப்பி விற்று, அவுரிச் சூதாட்டத்தில் 1837இல் கையைச் சுட்டுக்கொண்டார். விட்ட காசை எப்படிப் பிடிப்பது என்று யோசித்தவருக்குப் பொருளாதாரம் பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது. 1843இல் ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையை ஆரம்பித்தார், பத்து வருஷம் கழித்து சார்ட்டர்ட் பாங்கை. 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா ஓட்டையாகிவிட்டிருந்தது. அதை அடைக்க 1859 கடைசியில் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

1860 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்த வில்சன், வருமான வரி என்ற புது ஐட்டத்தை எடுத்துவிட்டார். இது ஒன்றும் வெள்ளைக்காரச் சரக்கல்ல, உங்கள் மனுவே ராஜா வரி வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று சேர்த்துக்கொண்டார். வரி போட்டால் ஜனங்கள் மனு போடுவார்கள். இவர் முந்திக்கொண்டு மனுவையே போட்டுவிட்டார். தொப்பிக்காரருக்குக் குல்லா போடச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இப்போதைய நிதியமைச்சரும் 2019 பட்ஜெட்டில் சங்கப் புலவர் பிசிராந்தையாரைத் துணைக்கு அழைத்தார். வரி கேட்கிறவர்கள் தாத்தா காலத்து ஆளை சாட்சிக்குக் கூட்டிவருவது பழைய வழக்கம்.

கணக்கு இதுதான். வருஷத்துக்கு 200 ரூபாய்க்குள் சம்பாதிப்பவன் தப்பித்தான். 200 முதல் 500 வரை நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4. நிலம், தொழில், கடன் பத்திரம், சம்பளம் என்று வருமானம் நாலு பெட்டியில் அடங்கியது. சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த ஜூலை 24ஐ வருமான வரித்துறை இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. கேக் செலவு யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இதில்தான் சூப்பர்வைசரின் பயம் ஒளிந்திருந்தது. அந்த நூற்றுக்கு 4 மொத்த வருமானத்தின் மேல் விழுந்தது. 495 ரூபாய் சம்பாதித்தவருக்குப் பிடித்தம் போகக் கையில் 485 ரூபாய் சொச்சம். பத்து ரூபாய் அதிகம் சம்பாதித்த பக்கத்து வீட்டுக்காரர் 505க்கு 20 ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டு 484 சொச்சத்தோடு வீட்டுக்குப் போனார். அவர் வீட்டுக்காரி என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிக்கலாம். இந்தக் கோணல் தீர 1939 ஆனது. அதிலிருந்து படிக்கட்டில் எந்தப் படியில் பணம் நிற்கிறதோ அந்தப் படிக்கு மட்டும் அந்த விகிதம். கீழே இருக்கிற பணத்தை யாரும் தொடுவதில்லை.

சூப்பர்வைசருக்குத் துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினேன். முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 5, அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 10, அதாவது 40,000. ஆக 12 லட்சத்துக்கு வரி 60,000. அந்த 60,000த்தையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

“அப்ப 12 லட்சத்துப் பத்தாயிரம் ஆயிட்டா? தள்ளுபடி போச்சே, 61,500 கட்டணுமே!” என்று அவர் மடக்கினார். ஆள் மெயின்டனன்ஸ், எங்கே கசியும் என்று தெரிந்தவர். அதற்கும் வாஷர் போட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் கூடினால் வரி அந்தப் பத்தாயிரத்தைத் தாண்டாது, செஸ் மட்டும் தனி. “அப்ப அந்தப் பத்தாயிரத்துக்கு நான் சும்மா வேல செஞ்சனா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல்கத்தாவில் குல்லா தயாரானபோது சென்னைக் கோட்டையில் கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெலியன். மெக்காலேயின் தங்கையைக் கட்டியவர். அரசு வேலைக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுங்கள் என்று 1854இல் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர். டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர்கள் இவர் படத்தை மாட்டிவைக்கலாம், பூப் போடுவதா வேறெதையும் போடுவதா என்பது மாணவர்கள் இஷ்டம். அயர்லாந்துப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கையை இறுக்கிக் கொடுத்தவர் என்ற கெட்ட பெயரும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷருக்குச் சென்னைவாசிமேல் இரக்கம் பொங்கியது.

கலகம் நடந்தது வடக்கே, பில் வந்தது தெற்கே. வரியைக் கூட்டாதே, ராணுவச் செலவைக் குறை என்று ட்ரெவெலியன் சீறினார். சீறலைக் குறிப்பாக எழுதிக் கல்கத்தாவுக்கு அனுப்பியதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். அதைப் பத்திரிகையிலும் போட்டுவிட்டார். இன்றைக்கு ஒரு கவர்னர் இப்படிச் செய்தால் டிவியில் நாலு நாள் விவாதம் நடக்கும். அன்றைக்கு டிவி இல்லை, அதனால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். 1860இலேயே பதவி போயிற்று.

அடுத்து இலங்கையிலிருந்து புது கவர்னராக வந்தார் சர் ஹென்றி வார்டு. ஜூலையில் வந்தவர் ஆகஸ்ட் 2ஆம் தேதி காலராவில் போய்விட்டார். வில்சனோ கல்கத்தாவில் சீதபேதி கண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி கண்ணை மூடினார், சட்டம் பிறந்து மூணு வாரம்கூட ஆகவில்லை. வயிற்றெரிச்சல் பலிக்குமா பலிக்காதா என்று எங்கள் பாட்டி வாதாடும்போது இந்தத் தேதிகள் தெரிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

இனிதான் கூத்து. மூன்றே வருஷத்துக்குள் அதே ட்ரெவெலியனைக் கல்கத்தாவுக்கு நிதி மெம்பராக அனுப்பினார்கள், அதாவது வில்சன் உட்கார்ந்த அதே நாற்காலிக்கு. அவர் வருமுன்பே 1862இல் 500 ரூபாய்க்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். இவர் வந்து விகிதத்தை 3 ஆக்கினார். 1865இல் அஞ்சு வருஷக் கெடு முடிந்ததும் வரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். பழிக்குப் பழி.

ஆனால் வருமான வரி நம்மூர் சினிமா வில்லன் மாதிரி. மலையிலிருந்து தள்ளினாலும் இரண்டாம் பாதியில் வந்து நிற்கும். 1867இல் லைசென்ஸ் வரி என்று மீசை வைத்து வந்தது. அடுத்த வருஷம் சர்ட்டிபிகேட் வரி என்று மரு ஒட்டிக்கொண்டது. 1869இல் சொந்தப் பெயரிலேயே வந்து, 1873இல் மறுபடி ஒளிந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் 1878இல், அடுத்த பஞ்சத்துக்குச் சேர்த்துவைக்கிறோம் என்று திரும்ப லைசென்ஸ் வரி. அந்தப் பணம் ஆப்கன் சண்டைக்குப் போகிறது என்று ஊரெல்லாம் திட்டியது.

1886இல் வந்ததுதான் பாயைப் போட்டுப் படுத்துவிட்டது. அந்தச் சட்டம் விவசாய வருமானத்தை விட்டுவிட்டது. இன்றுவரை அப்படியேதான். எங்கள் பாக்டரி காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நெல் வயல், இந்தப் பக்கம் ரோலிங் மில். அந்தப் பக்கத்துக்காரர் கவலை மழை, இந்தப் பக்கத்துக்காரர் கவலை படிவம் 16. பிறகு 1918, 1922, 1961 என்று சட்டங்கள் மாறின. 1973-74இல் மேல்படியில் நூற்றுக்கு 97.75 பிடித்தார்கள், கையில் மிஞ்சியது ரெண்டேகால் ரூபாய். நம்மூர் நிதியமைச்சர் டி.டி.கே. அதற்கு முன்பே 1957 பட்ஜெட்டில் சம்பாதித்ததற்கு மட்டுமல்ல, செலவழித்ததற்கும் வரி போட்டவர். 1962இல் மொரார்ஜி அதை எடுத்தார், 1964இல் டி.டி.கே. திரும்பிவந்து மறுபடி போட்டார். 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். சம்பாதித்த வருஷம் ஒன்று, கணக்குப் பார்க்கிற வருஷம் இன்னொன்று என்று நான் இருபது வருஷமாக ஆட்களுக்கு விளக்கி நொந்ததை ஒரே ‘வரி ஆண்டு’ ஆக்கிவிட்டார்கள். நொந்த வருஷங்களுக்கு ரீஃபண்ட் இல்லை.

இத்தனை வேஷத்திலும் இதற்கு உயிர் கொடுத்த தந்திரம் ஒன்றுதான், அது வில்சனுக்கும் மூத்தது. 1799இல் இங்கிலாந்தில் பிட் முதல் வருமான வரியைப் போட்டு, அவரவர் வருமானத்தை அவரவரே எழுதிக்கொடுங்கள் என்று நம்பினார். ஒரு கோடி பவுன் எதிர்பார்த்தார், வந்தது சுமார் 60 லட்சம். 1803இல் அடிங்டன் விகிதத்தைப் பாதியாக்கினார், ஆனால் வசூல் குறையவில்லை. பணம் கொடுப்பவனே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்ததுதான் காரணம். கையில் வராத காசுக்கு யாரும் அழமாட்டார்கள் என்பது கண்டுபிடிப்பு. அந்த டிடிஎஸ்ஸின் கும்மிடிப்பூண்டிக் கிளை நான்.

சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த கவர்னர் சம்பளத்துலயும் புடிச்சாங்களா சார்?” என்றார். தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கினேன். அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க். அதை உண்டாக்கியவர் ட்ரெவெலியன். வீட்டு மோட்டாருக்கு ஒரு வால்வு வேண்டியிருந்தது. சென்ட்ரலைச் சுற்றி வால்டாக்ஸ் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் வால்வை எடுத்து, வேட்டியில் துடைத்து, மேஜைமேல் வைத்தார்.

“பில்லோட ஒரு ரேட்டு, பில் இல்லன்னா ஒரு ரேட்டு. எது போடட்டும்?”