உடுப்பு ராசி இல்லாதவன்

யாக்கோபுக்கு ஆண்பிள்ளைகள் 12 பேர். பதினோராவது ஆளான யோசேப்புக்கு மட்டும் அப்பா பலவருண அங்கி செய்து கொடுத்தார். பத்து அண்ணன்மார் ஆடு மேய்த்துப் புழுதியோடு திரும்பினால், வாசலில் 17 வயதுப் பொடியன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். போதாக்குறைக்கு, அவர்களெல்லாம் தன்னைக் கும்பிடுவதாகக் கனவு கண்டானாம். கண்டதோடு விட்டானா? அவர்களிடமே வந்து சொன்னான்.

அங்கியை உருவிக்கொண்டு ஆளைக் குழியில் போட்டார்கள். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார்கள்! இதை நான் சேர்க்கவில்லை, ஆதியாகமத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் எகிப்துக்குப் போகிற ஒட்டகக் கூட்டம் வர, 20 வெள்ளிக்காசுக்குத் தம்பி விலைபோனான். அங்கியில் ஆட்டு ரத்தத்தைத் தோய்த்து அனுப்பினார்கள், யாக்கோபு நம்பிவிட்டார். ஒரு காலத்தில் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றியவர் அவர். ஆடு கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

எகிப்திலும் அதே கதைதான். எஜமான் போத்திபாரின் மனைவி ஆளைப் பிடித்தாள். கையில் சிக்கியது மேலாடை. அதுவே சாட்சியாகி, பையன் சிறைக்குப் போனான்.

இந்தக் கதையை 1968 மார்ச் 1 அன்று லண்டன் கோலட் கோர்ட் பள்ளிப் பையன்கள் கால் மணி நேரத்தில் பாடி முடித்தார்கள். இசை ஆண்ட்ரூ லாயிட் வெப்பர், வயது 19. பாட்டு டிம் ரைஸ், வயது 23. அந்த வயதுக்காரர்களுக்கு ராஜா என்றால் வேறு யார்? எகிப்து ராஜா பார்வோனை எல்விஸ் பிரெஸ்லியாக்கிவிட்டார்கள். ஏழு கொழுத்த பசு, ஏழு மெலிந்த பசு என்ற தன் கனவை அவர் ராக் அண்ட் ரோலில் முழங்குகிறார். நாடு பஞ்சத்தில் சாகப்போகிற சேதி அது. இடுப்பு மட்டும் நிற்காது. பிற்பாடு முழுநீள நாடகமாக வளர்ந்தபோது, பட்டினி கிடக்கும் அண்ணன்மார் பிரெஞ்சுச் சோகத்தில் உருகினார்கள். தானியம் வாங்க எகிப்து வந்த இடத்தில், கடைக்குட்டி பென்யமீன் சாக்கில் யோசேப்பின் வெள்ளிக் கோப்பை அகப்பட்டதும் அவனுக்காகக் கலிப்சோவில் வாதாடினார்கள். கேலி என்று முகம் சுளிப்பவர்கள் மூலத்தை ஒருமுறை புரட்டட்டும். பாதிக் கூத்து அங்கேயே நடந்து முடிந்திருக்கிறது.

கடைசியில், பார்வோனின் கனவுக்குப் பலன் சொல்லி எகிப்தின் அதிபதியான யோசேப்பு அண்ணன்மாரை மன்னித்து, ஆளுக்கொரு மாற்றுடை கொடுத்து அனுப்பினான். கூடப் பிறந்த தம்பி பென்யமீனுக்கு மட்டும் 300 வெள்ளிக்காசும் ஐந்து மாற்றுடையும்.