கர்ணனுக்கு இல்லாத கவலை

ஐம்பத்திரண்டு வயதுவரை பஸ்ஸையும் சைக்கிளையும் நம்பிக் காலத்தைத் தள்ளிவிட்டு, மூட்டுவலித் தைலம் வாங்கவேண்டிய பருவத்தில் புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கிய மனிதனைப் பற்றி உற்றாரும் உறவினரும் என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை நான் விஸ்தரித்து எழுத வேண்டியதில்லை. ராணுவம் எல்லைக் காவலுக்கென்று 800 புல்லட்டுகள் கேட்டதும், அதன் பயனாக 1955-இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் தோன்றித் திருவொற்றியூரில் அந்த வண்டி உருவாகத் தொடங்கியதும் எனக்குப் பால்யத்திலிருந்தே பாடமாகத் தெரியும். சிப்பாய்களுக்காக வந்த வாகனத்தில் ஏறி மயிலாப்பூர் மாட வீதியில் கத்தரிக்காய் வாங்கப் போகவேண்டும் என்பது என் வாழ்நாள் லட்சியம். மைத்துனர் மகன் பன்னிரண்டு நாள் பொறுமையோடு கற்றுக்கொடுத்தான். பதின்மூன்றாம் நாள் லைசென்ஸ் பரீட்சையில், காலைக் கீழே ஊன்றாமல் எட்டுப் போட்டுத் தேறினேன்.

வண்டி வந்த அன்று மாலை, எங்களோடு வசிக்கும் என் அத்தை அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கதவு, கூரை ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் சற்று யோசித்து, "அப்படின்னா தினமும் கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டுப் போ" என்று உத்தரவிட்டாள். அருகில் நின்ற என் மனைவியோ, "அதை இவருக்காக நீங்க சொல்லுங்க அத்தை, இவர் முதல்ல கடையில போய் வேற கவசம் வாங்கட்டும்" என்றாள். ஆக, என் சரீரத்தைக் காக்கும் பொறுப்பு அன்றே பாராயணம், கொள்முதல் என்று இரண்டு இலாகாக்களாகப் பிரிக்கப்பட்டது.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் எனக்குக் கர்ணன்மீது பொறாமை உண்டாயிற்று. அந்தப் புண்ணியவான் கவசத்தோடும் குண்டலத்தோடும் பிறந்தவன். அளவு சரியாக இருக்குமா, மீடியமா லார்ஜா, தோலா துணியா, தவறினால் மாற்றித் தருவார்களா என்ற கவலை எதுவும் அவனுக்கு இருந்திருக்க முடியாது. உடம்பு வளர வளரக் கவசமும் கூடவே வளர்ந்திருக்கவேண்டும். அது சித்திரை மாதத்தில் வியர்த்துக் கொட்டியதாக எந்தப் பௌராணிகரும் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றபடி மானிடராய்ப் பிறந்த நாமெல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குத்தான் போயாகவேண்டும்.

மவுண்ட் ரோட்டுப் பக்கத்தில் இருக்கும் அந்த வீதியில், வாகனத்துக்கு அணிவிக்கும் ஆபரணங்களும் வாகனம் ஓட்டுகிறவனுக்கு அணிவிக்கும் ஆபரணங்களும் அடுத்தடுத்த கடைகளில் தொங்கும். நான் நுழைந்த கடையில் இருபது வயதுப் பையன் ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பையனுக்கா அங்கிள்?" என்றான். எனக்குத்தான் என்றதும் அவன் குரலில் ஒரு மரியாதை வந்தது. அது வீரனுக்குரியதா, நோயாளிக்குரியதா என்று என்னால் நிர்ணயிக்க முடியவில்லை. "சிட்டியா, லாங் ரைடா சார்?" என்று கேட்டான். "வீட்டிலிருந்து தபாலாபீஸ் வரை" என்றேன். அதைக் கேட்டும் மனம் தளராமல், தலைக்கு இது, கைக்கு இது, தோளுக்கு இது, முழங்கைக்கு இது, முதுகுக்கு இது, முழங்காலுக்கு இது, பாதத்துக்கு இது என்று அவன் அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, அத்தை தினமும் விளக்கேற்றியதும் பாராயணம் செய்வதைத்தான் இவன் விலைப்பட்டியலோடு சேர்த்துச் சொல்லுகிறான் என்று எனக்குப் பட்டது.

முதலில் தலை. புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே டேப்பைச் சுற்றி, 59 சென்டிமீட்டர் என்று என் அறிவின் சுற்றளவை உரக்க அறிவித்துவிட்டு, பையன் ஒரு ஹெல்மெட்டை என் தலையில் இறக்கினான். இறக்கினான் என்பது உபசாரமான வார்த்தை, திருகினான். காதுகள் மடிந்தன, கன்னங்கள் இரண்டும் முன்னே தள்ளப்பட்டு, வாயில் கொழுக்கட்டையை ஒளித்து வைத்திருக்கும் குழந்தையின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. சற்றுப் பெரிதாக, காற்றோட்டமாக ஒன்று கிடைக்குமா என்றேன். "லூஸா வாங்கினா கீழ விழறப்ப ஹெல்மெட் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் சார். புதுசு கன்னத்தைக் கடிக்கணும், பத்து நாள்ல பஞ்சு அமுங்கிடும்" என்று சொல்லி, அதைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக் காண்பித்தான். என் முகத்துத் தோலும் அதோடு சேர்ந்து போய்வந்தது. அதுதான் சரியான அளவுக்கு லக்ஷணமாம்.

வெளியே வழவழப்பாக இருக்கும் ஓடுதான் உயிரைக் காக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஓடு அடியை ஒரே இடத்தில் குத்தவிடாமல் பரவச் செய்கிறது. உண்மையான தியாகத்தைச் செய்வது உள்ளேயிருக்கும் தெர்மகோல். மோதும் கணத்தில் அது தான் நசுங்கி, மூளை சடக்கென்று நிற்பதற்குப் பதிலாகச் சற்றே அவகாசத்தோடு நிற்கும்படி செய்கிறது. நசுங்கிய தெர்மகோல் மீண்டும் எழுவதில்லை. ஆகையால் ஒரு முறை பலத்த அடிபட்ட ஹெல்மெட், மேலே கீறல்கூட இல்லாமல் பளபளத்தாலும், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தனைப் போல மரியாதைக்குரியதே தவிர, மேற்கொண்டு வேலைக்கு ஆகாது. மச்சினன் பழைய ஹெல்மெட்டைப் பிரியமாகக் கொடுத்தாலும், அதன் பூர்வோத்தரம் தெரியாவிட்டால் கைகூப்பி மறுத்துவிட வேண்டியதுதான். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நடைபாதையில் விற்பவற்றில் முத்திரை மட்டும் அசலைவிடப் பெரிதாக இருப்பதுண்டு.

இந்தச் சாஸ்திரம் பிறந்த கதையைப் பிற்பாடு படித்து அறிந்தேன். அரேபிய லாரன்ஸ் என்று உலகம் அழைத்த டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில் தம் மோட்டார் சைக்கிளில் போகையில், சைக்கிளில் வந்த இரு பையன்கள்மேல் மோதாதிருக்க வண்டியை ஒடித்துத் தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். பாலைவனத்தில் யுத்தம் செய்து பிழைத்தவருடைய தலையில் அன்று கவசம் இல்லை. அவரைக் கவனித்த வைத்தியர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை ரண சிகிச்சை நிபுணர் அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுஜனங்களுக்கு அந்த நாட்டில் அது கட்டாயமானது 1973-இல். சிப்பாய்க்கு உத்தரவிட்டால் போதும். பிரஜைக்குப் புரியவைக்க மேலும் முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டாவதாகச் சட்டை. இங்கேதான் என் சபலம் வெளிப்பட்டது. 1953-இல் வெளிவந்த 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ அணிந்திருந்த கறுப்புத் தோல் சட்டையைப் போல ஒன்று அங்கே தொங்கிற்று. அந்தப் படத்தில் அவர் தலையில் இருப்பது சாய்வாக வைத்த தொப்பி மாத்திரமே என்ற விஷயத்தை அந்தக் கணத்தில் நான் மறந்துபோனேன். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பிராண்டோ தெரியவில்லை. மழைக்கு உறைபோட்டு மூடிய ஹார்மோனியம் தெரிந்தது. கடையின் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றபோதே முதுகில் ஒரு நதி உற்பத்தியாயிற்று. தோல், தார் ரோட்டில் தேய்வதைத் தாங்குவதில் உத்தமமானதுதான்; ஆனால் சென்னையில் மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கிறவன், விபத்தை எதிர்பார்க்காமலே மயங்கி விழுந்துவிடக் கூடும். என் மனைவி, வலைவலையாகக் காற்றுப் புகும் வேறொரு சட்டையை, அதுவும் லாரிக்காரருக்கு அரை மைலில் தெரியக்கூடிய எலுமிச்சை நிறத்தில், எடுத்து நீட்டினாள். "அழகா இருக்கறதை வாங்கி ஆணியில மாட்டுவீங்க. இதை வாங்கினா மாட்டிக்கிட்டுப் போவீங்க" என்றாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் விளைந்த ஞானம் அது.

அந்தச் சட்டையின் தோளிலும் முழங்கையிலும் ரப்பர் போன்ற வளைந்த தகடுகள் இருந்தன. இடியைத் தாங்குவதைப் பொறுத்து அவற்றில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று ஐரோப்பியர் தரம் வகுத்திருக்கிறார்கள், இரண்டாவதுதான் உசத்தி. முதுகில் கைவிட்டுப் பார்த்தபோது தகடு இருக்கவேண்டிய பையில் வெறும் பஞ்சு அட்டை இருந்தது. "அது சும்மா சார், ஷேப்புக்கு. ஒரிஜினல் தனியா வாங்கணும்" என்று பையன் கூச்சமில்லாமல் உண்மையைச் சொன்னான். முதுகெலும்பை ஷேப்புக்காக ஒப்படைக்க மனமில்லாமல் அதையும் வாங்கினேன்.

கையுறைக்கு வந்தபோது, "மனுஷன் விழுந்தா மொதல்ல கையைத்தானே சார் ஊணுவான்" என்று பையன் ஒரு மகா வாக்கியத்தை உதிர்த்தான். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஸ்காபாய்டு என்று முந்திரிப்பருப்பு மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவான அது ஒடிந்தால் எளிதில் கூடுவதில்லை. கையுறையின் உள்ளங்கையில் வைத்திருக்கும் கெட்டியான வில்லை, ஊன்றிய கை தரையில் அப்படியே பிடித்து நின்றுவிடாமல் வழுக்கிக்கொண்டு போக உதவுகிறது. அடுத்து, கெவ்லார் நூல் உள்ளே வைத்த கால்சட்டை. 1965-இல் ஸ்டெஃபானி குவோலெக் என்ற அமெரிக்க ரசாயன அம்மையாரின் பரிசோதனையில் பிறந்த இழை அது. குண்டு துளைக்காத சட்டைக்கும் உபயோகமாகிறது. சாதாரண ஜீன்ஸ் போதாதா என்று கேட்டேன். "தார் ரோட்டுல அது தேங்காய்த் துருவல் சார்" என்றான். துணியைச் சொன்னானா, என்னைச் சொன்னானா என்று நான் வற்புறுத்தவில்லை.

இவ்வளவும் ஆனபின் கணுக்கால் மூடும் பூட்ஸை அவன் எடுத்துவைத்த சமயத்தில், எனக்குத் திடீரென்று சிக்கன புத்தி உதயமாயிற்று. வீட்டில் கயிறு கட்டுகிற நல்ல கான்வாஸ் ஷூ இருக்கிறதே, அது போதும் என்றேன். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பில்லின் மொத்தத் தொகையைப் பார்த்து, என்மேல் இரக்கங்கொண்டு மௌனமானான்.

மறுநாள் காலை சர்வாலங்கார பூஷிதனாக வெளியே புறப்பட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, மறுபடி கண்ணாடியைச் செருகி, கையுறையைப் போட்டு, சாவி கால்சட்டைப் பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்து கையுறையைக் கழற்றி, இப்படியாக ஆயத்தங்களுக்கே கால் மணி பிடித்தது; நான் போகவேண்டிய காப்பித்தூள் கடைக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். எதிர் வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அம்மாள், "தம்பி, இட்லி ஆர்டர் இங்கதான், மேல வாங்க" என்று கூப்பிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் தம்பி என்ற விளி கிடைத்ததே லாபம் என்று கையசைத்துவிட்டு நகர்ந்தேன்.

லஸ் முனையில் சிவப்பு விளக்கு. பிரேக் பிடித்தேன், வண்டி கம்பீரமாக நின்றது. இடது காலை ஊன்றலாம் என்று எடுத்தால், கால் வரவில்லை. கான்வாஸ் ஷூவின் கயிறு கியர் மிதியில் அழகாகச் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பூஜ்ய வேகத்தில், அவசரமே இல்லாமல், கோவில் தேர் சாய்கிற தோரணையில், 195 கிலோ புல்லட்டும் நானும் இடப்பக்கம் சாய்ந்தோம். பையன் சொன்னபடியே கை முதலில் போயிற்று. உள்ளங்கை வில்லை தாரில் கரகரவென்று வழுக்கியது. அடுத்து முழங்கைத் தகடு, அப்புறம் தோள். ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, என்னைச் சுற்றிப் பார்த்து, "இன்னா சார், ஒரு சிராய்ப்பு கூட இல்ல!" என்று சற்று ஏமாற்றத்தோடு சொன்னார். என்னை விழவைத்ததும் நான் உடுத்தியிருந்த பொருள். என் கையைக் காப்பாற்றியதும் நான் உடுத்தியிருந்த பொருள்தான்.

வீட்டில் விவரம் கேட்ட அத்தை, கீறல் விழுந்த கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காந்தாரியின் பார்வை படாத துரியோதனன் தொடைதான் கடைசியில் கதாயுதத்துக்கு இலக்காயிற்று என்று காலக்ஷேபத்தில் கேட்டவள் அவள். "எல்லா அங்கத்துக்கும் வாங்கினியே, கணுக்காலை விட்டுட்டியேடா அப்பா" என்றாள். அன்று மாலையே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். பையன் ஒன்றும் கேட்காமல் அந்தப் பூட்ஸ் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

புதிதாக மோட்டார் சைக்கிள் பழகுகிறவர்களுக்கு இந்த ஏழையின் விண்ணப்பம் இதுதான்: தலை, கை, கால் என்ற வரிசையில் செலவு செய்யுங்கள், பிறகு சட்டை, நிறத்தை மனைவியிடம் விட்டுவிடுங்கள். வாங்கியதை அணியுங்கள். கர்ணனிடம் கவசத்தை வாங்க இந்திரனே வேஷம் போட்டுக்கொண்டு வரவேண்டியிருந்தது. நம்மவர்களோ யாரும் யாசிக்காமலே கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டும், பெட்ரோல் டாங்கின்மேல் உட்காரவைத்தும், போலீஸ்காரரைக் கண்டால் மாத்திரம் சூடிக்கொண்டும் போகிறார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, தலைக்கவசம் தலையில் இருந்தால் மட்டும் போதாது, வாரினால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கவேண்டும் என்கிறது. ஆகவே மோவாய்க்குக் கீழே அந்தக் கொக்கி 'டக்' என்று சப்தம் போடும்வரை சாவியைத் திருகாதீர்கள்.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் வாசலில் அந்த 'டக்' கேட்ட பிறகுதான், உள்ளே அத்தை கவசத்தை ஆரம்பிக்கிறாள்.