முதலைக்கு ஒரு பாராட்டுரை

அந்த முதலையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாங்கள் அதன் தொட்டிச் சுவரருகே போய் நின்றபோது, அதன் முதுகில் ஒரு கடித்த கொய்யாத் துண்டு இருந்தது. வாலுக்குப் பக்கத்தில் மூன்று ஜல்லிக்கல்லும் தண்ணீர் பாட்டிலின் நீல மூடி ஒன்றும் கிடந்தன. வாயை அகலத் திறந்தபடி வெயிலில் படுத்திருந்தது. நாங்கள் நின்ற நேரத்தில் இன்னும் ஐந்து கற்கள் விழுந்தன. ஒன்று மூக்கின் மேலேயே பட்டது. முதலை அசையவில்லை. எறிந்தவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "பொம்மைடா கண்ணு, ஒரு கல்லைப் போட்டுப் பாரு, அசையுதான்னு" என்று பேரன் கையில் கல்லை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

சதுப்பு நில முதலை வாயைத் திறந்து வைத்துக் கிடப்பது தலையின் சூட்டைத் தணித்துக்கொள்ள. அதற்கு நம்மைப்போல் வியர்க்காது. அசையாமல் கிடப்பதும் அதன் பிழைப்புதான்: காத்திருந்து பிடிக்கிற பிராணி, வீணாக ஒரு அசைவையும் செலவழிக்காது. வாரக்கணக்கில் இரையில்லாமல் இருக்கவும் அதனால் முடியும். அத்தனை பொறுமை உள்ள உயிரிடம் இரண்டு நிமிடம் பொறுமையாக நிற்க வந்தவர்களால் முடியவில்லை. ஆனாலும் அது யாரையும் குறை சொல்லாமல், மூக்கில் பட்ட கல்லையும் தாங்கிக்கொண்டு கிடந்தது. அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நாங்கள் போனது மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. வண்டலூர் மிருகக்காட்சி சாலை 602 ஹெக்டேர். அங்கே பாதி வழியிலேயே சின்னதுகள் "தூக்கு" என்று அழ ஆரம்பித்துவிடும். அமிர்தி, குரும்பப்பட்டி போன்ற சின்ன இடங்கள்தான் குழந்தைகளுக்குச் சரியான அளவு என்பது என் எண்ணம். என் மகனுக்கு ஆறு வயது, அண்ணன் மகளுக்கு நாலு. அவர்கள் கால் ஓய்வதற்குள் மான், மயில், குரங்கு, நரி, முதலை எல்லாம் பார்த்து முடித்துவிடலாம். விலங்கு அவ்வளவு பக்கத்தில் தெரியும். விலங்குக்கும் நாம் அவ்வளவு பக்கம்தான். எழுந்து போய் ஒளிய மறைவு குறைவு.

புள்ளிமான்களின் நம்பிக்கையையும் போற்ற வேண்டும். வேலிக்கு வெளியே யார் கை நீட்டினாலும் வருகின்றன. ஒரு குடும்பம் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து நீட்டியது. ஒரு பெட்டை மான் முறுக்கை நக்கியது. உப்பு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையையும் பல்லில் பற்றி இழுத்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அதன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மான் அசைபோடும் பிராணி. தின்றது முதலில் இரைப்பையின் பெரிய அறையில் தங்கும். திரும்ப வாய்க்கு வந்து, மென்று, அப்புறம்தான் கீழே போகும். பிளாஸ்டிக் அரைபடாது, செரிக்காது. அந்த அறையிலேயே தங்கிவிடும். அடுத்தடுத்து வரும் உறைகளோடு முறுக்கிப் பந்தாகும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மான் மெலிந்துகொண்டே போகும். இத்தனைக்குப் பிறகும் நாளை ஒருவர் கை நீட்டினால் அது மறுபடி வரும்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலியோரம் என் மகன் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தவள் நான்தான். அன்று எடுத்த படம் வீட்டில் இருக்கிறது. படத்தில் மானின் உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் தாளை இப்போதெல்லாம் என்னால் பார்க்க முடிவதில்லை.

குரங்கு நாகரிகம் தெரிந்தது. கோபம் வந்தால் முதலில் உற்றுப் பார்க்கும், புருவத்தை ஏற்றும், வாயைத் திறந்து காட்டும். பாய்வதற்கு முன் அத்தனை முறை சொல்லும். பல்லை இளித்தால் பெரும்பாலும் அது பயம். "பாரு, சிரிக்குது" என்று சொல்லி, கம்பியைத் தட்டித் தட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பகலில் தூங்கும் நரிக்கு விசில் அடித்தார்கள். அது மூலையில் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டது.

இதையெல்லாம் தடுக்க ஒரே ஒரு காப்பாளர். அறுபதை நெருங்கும் வயது, காக்கிச் சட்டை, தொண்டை கட்டியிருந்தது. "ஐயா, கல்லு போடாதீங்க. அம்மா, தீனி வேணாம்மா" என்று ஒவ்வொரு கூண்டாக ஓடினார். "டிக்கெட் எடுத்துட்டுத்தானே வந்திருக்கோம்" என்றார் ஒருவர். காப்பாளர் சட்டத்தைக் காட்டியிருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், 1991-இல் மிருகக்காட்சி சாலைகளுக்கென்றே சேர்த்த பகுதியில் 38-ஜே என்று ஒரு பிரிவு உண்டு. விலங்கைச் சீண்டக் கூடாது, தீனி போடக் கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, குப்பை போடக் கூடாது. நுழைவாயில் பலகையிலும் இதே நாலும் தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறது. அவர் சட்டம் பேசவில்லை. குனிந்து, விழுந்து கிடந்த உறைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

முதலைத் தொட்டிக்கே திரும்ப வருகிறேன். நாங்கள் நின்றது அங்கேதான் அதிக நேரம். "அது தூங்குதுன்னா ஏன் அத்தை எழுப்புறாங்க?" என்று அண்ணன் மகள் கேட்டாள். பதில் சொல்லும்படி என்னிடம் எதுவும் இல்லை. மகனிடம், "சத்தம் போடாம, அதோட கண்ணை மட்டும் பார்த்துக்கிட்டு நூறு எண்ணு" என்றேன். இருவரும் எண்ணத் தொடங்கினார்கள். இருபதைத் தாண்டும்போது, "செத்த முதலைப்பா, வா போலாம்" என்று பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பெரியவர் கிளம்பினார். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அறுபது சொச்சத்தில் அது நடந்தது. முதலையின் மேலிமை அப்படியே இருக்க, உள்ளேயிருந்து கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வொன்று மூக்குப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வழுக்கி வந்து விழியை மூடித் திறந்தது. தண்ணீருக்குள் கண்ணைக் காக்கிற மூன்றாம் இமை. "கண்ணுக்குள்ள இன்னொரு கதவு இருக்கு!" என்றாள் சின்னவள், கத்தாமல், என் காதருகே. கொஞ்ச நேரத்தில் முதலை வாயை மூடிக்கொண்டு, முதுகிலிருந்த கொய்யாத் துண்டோடு தண்ணீருக்குள் இறங்கியது. துண்டு மட்டும் மேலே மிதந்து நின்றது.

வீடு வந்து சேரும்வரை பேருந்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணைப் பக்கவாட்டில் மூட முயன்றுகொண்டே வந்தார்கள்.