முட்டை போண்டாவும் ஸ்பானிய ரெட் ஒயினும்: திருநின்றவூரை முன்வைத்து ஓர் ஆய்வு

மலிவான ஸ்பானிய ரெட் ஒயினுக்கு ஏற்ற சைட் டிஷ் எது என்ற கேள்விக்கு ஐரோப்பிய நூலோர் சீஸ், ஆலிவ், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை என்றே விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்களில் எவரும் மாலை ஆறு மணிக்குத் திருநின்றவூர் ரயிலடியில் இறங்கியதாகத் தெரியவில்லை. இக்கட்டுரை நிறுவ முனைவது ஒன்றே: அந்த ஒயினின் இயற்கைத் துணை முட்டை போண்டா. முதலில் ‘மலிவு’ என்பதை வரையறுப்போம். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்து, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினுக்கே ‘கிரியான்ஸா’ முத்திரை. பீப்பாயின் முகத்தையே பார்க்காமல் இளசாகப் புட்டிக்குள் போகும் டெம்ப்ரனில்லோ, கர்னாச்சா வகைகளே நம் ஆய்வுப்பொருள். அங்கே மூன்று நான்கு யூரோவுக்குக் கிடைப்பது, இந்தியா நெடுங்காலம் விதித்துவந்த 150 சதவீதச் சுங்கவரியைச் சுமந்து டாஸ்மாக் எலைட் கடை அலமாரியில் ஏறும்போது மலிவு என்ற தகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே எமது ஆய்வுமுறை மனத்தால் சுவைப்பது. இதற்கு ஊரிலேயே முன்னோடி உண்டு. பொருள் கிடைக்காத பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்ப, காஞ்சியில் கல்லால் கட்டிய பல்லவனை நாள் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு இறைவன் இங்கே வந்தார் என்கிறது பெரியபுராணம். நாயனாரை மதுவோடு சேர்க்கலாமா என்று சைவ அன்பர்கள் சினக்கக்கூடும். யாம் கடன் வாங்கியது முறையை மட்டுமே.

இனிச் சான்று. ரெட் ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். அது உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்வதால்தான் நாக்கு வறண்டு சொரசொரக்கிறது. வேறு புரதம் அகப்பட்டால் டானின் அதன்மேல் பாயும், உமிழ்நீர் தப்பும். ஐரோப்பிய ஒயின்காரர்கள் இதை நன்கறிவார்கள். துவர்ப்பு முரண்டு பிடிக்கும் பீப்பாயில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து ஊற்றி, வண்டல் படிந்தபின் தெளிந்ததை இறுத்தெடுப்பது அவர்களின் பழைய வழக்கம். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் இப்படி மிஞ்சிய மஞ்சள் கருக்கள் கன்னியர் மடங்களுக்குப் போய் இனிப்புப் பண்டமாயின என்பார்கள். பீப்பாய்க்குள் போன முட்டை வாய்க்குள் போகக் கூடாதா? போதாக்குறைக்குப் போண்டா கடலைமாவின் புரதத்தையும், தாளில் எத்தனை அழுத்தி எடுத்தாலும் போகாத எண்ணெயையும் உடன் அழைத்துவருகிறது.

வெந்து கட்டியான வெள்ளைக்கரு, பச்சைக் கருவைப் போல் டானினைப் பற்றாதே என்று வேதியியல் படித்தவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் 225 லிட்டர் பீப்பாய்க்கு அவர்கள் இடுவது ஐந்தாறு முட்டை. இங்கே ஒரு மிடறுக்கே அரை முட்டை. தரத்தில் விட்டதை அளவில் பிடிக்கலாம். முட்டையின் கந்தக வாடை ஒயினைக் கெடுக்கும் என்பது இன்னும் கனமான எதிர்வாதம். பர்கண்டிக்காரர்களோ ரெட் ஒயினிலேயே முட்டையை உடைத்து ஊற்றி வேகவைத்து உண்கிறார்கள். அது அவர்களின் பெருமைக்குரிய பதார்த்தம். அளவுக்குமீறி அவித்து, மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டிய முட்டையைத் தவிர்த்தால் போதும். மிளகாய் பஜ்ஜிக் கட்சியினர் கலீசியாவின் பாத்ரோன் மிளகாயைக் காட்டுவார்கள். அங்கே அதை எண்ணெயில் வாட்டி உப்பு தூவித் தின்கிறார்கள். பெரும்பாலானவை உறைக்காது, எப்போதாவது ஒன்று கண்ணில் நீர் வரவழைக்கும். நம் பஜ்ஜி மிளகாயும் சாதுதான். கூட வரும் காரச் சட்னி சாது அல்ல. காரத்தை உணரும் நரம்பு வாயிலையே ஆல்கஹாலும் தட்டுவதால், அந்த எரிச்சலை ஒயின் அணைக்காது, ஊதிவிடும். தேங்காய்ச் சட்னியே ஏற்புடையது.

எஞ்சுவது வெப்பம். ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறுக என்று விதித்தவர்களின் அறை 16 முதல் 18 டிகிரி. மே மாதத் திருநின்றவூரின் அறை வேறு. புட்டியை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது விதிமீறல் ஆகாது. சோடா கலக்கலாமா என்றால், பாஸ்க் நாட்டவர் ரெட் ஒயினில் சரிபாதி கோலா ஊற்றி ‘கலிமோச்சோ’ என்று கூச்சமின்றிக் குடிக்கிறார்கள். கோடையில் எலுமிச்சை சோடா கலப்பது ஸ்பெயின் எங்கும் உள்ள வழக்கம். எனவே கோலி சோடா கலப்பவரை ஸ்பெயின் கண்டிக்காது. பன்னீர் சோடா கலப்பவரைக் கண்டிக்க ஸ்பெயின் வேண்டாம், யாமே போதும்.