இந்த லைப்ரரியை நம்பலாமா?

கேள்வி: கிட்ஹப்பில் நாற்பதாயிரம் ஸ்டார் வாங்கிய லைப்ரரி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே எடுங்கள். ஸ்டார் போட ஒரு கிளிக் போதும். போட்டவர் அதை ஒருநாளாவது ஓட்டிப் பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியாது. நேராக இஷ்யூ பக்கத்துக்குப் போய், கடைசியாக மூடப்பட்ட பத்தைப் படியுங்கள். பக் சொன்னவருக்கு யாராவது பதில் சொன்னார்களா? திருத்தத்தோடு ஒரு டெஸ்ட்டும் சேர்ந்ததா? அது அடுத்த ரிலீஸில் வந்ததா? ‘ரொம்ப நாளாகப் பேச்சில்லை’ என்று பாட் தானாக மூடியவைதான் பத்தும் என்றால், அந்த வீட்டில் ஆள் இல்லை.

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு கமிட்கூட இல்லை. உயிர் போய்விட்டதா?

பதில்: எடுத்த சின்ன வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட லைப்ரரிக்குத் தினமும் கமிட் எதற்கு? ஆனால் நெட்வொர்க்கில் வருவதைப் பிரித்துப் படிப்பதோ, என்கிரிப்ஷன் செய்வதோ இரண்டு வருடம் சும்மா கிடந்தால் தொடாதீர்கள். தேதி, நேரத்தைக் கையாளும் மொமென்ட் ஜேஎஸ் லைப்ரரியின் குழுவை இங்கே பாராட்ட வேண்டும். இனிப் புது வசதி கிடையாது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு பாருங்கள் என்று 2020 செப்டம்பரில் அவர்களே அறிவித்தார்கள்.

கேள்வி: பெரிய பெரிய கம்பெனிகளே பயன்படுத்துகின்றன. அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: என்கிரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோதுதான் தெரிந்தது: முழுநேர ஆள் ஒருவர், வருடத்துக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்.

அதைவிட என்னை உலுக்கியது எக்ஸ்இசட். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரி. பல ஆண்டுகளாக ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஒத்தாசைக்கு வந்தார். பொறுமையாக நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பினார். இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து ‘ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்’ என்று நச்சரிப்பு. மனநலச் சிக்கலோடு போராடுகிறேன், இது சம்பளமில்லாத வேலை என்று அந்த மனிதர் வெளிப்படையாகவே எழுதினார். கடைசியில் பொறுப்பில் பங்கு கைமாறியது. 2024-இல் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு வந்து உட்கார்ந்தது. அதை உயிர்ப்பிக்கும் துண்டு கிட்டில் இல்லை, ரிலீஸுக்காகக் கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்ஹெச் லாகினுக்கு அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால் மார்ச் மாதக் கடைசியில் அகப்பட்டது. அந்த அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால்?

ஆகவே கோடைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள். எத்தனை பேருக்கு ரிலீஸ் போடும் உரிமை இருக்கிறது, அண்மையில் அது கைமாறியதா, அவர்களுக்குச் சோறு போடுவது யார்?

கேள்வி: அப்படியானால் ஒன்றிரண்டு பேர் நடத்துவதையெல்லாம் ஒதுக்கிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது! டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்கியூலைட்டை எழுதுவது ஒரு கைப்பிடி ஆட்கள்தான். உங்கள் போனில் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியார் அனுப்பும் கோடைப் பொதுவாக வாங்குவதில்லை. சோதிக்கும் கோடு மூலக் கோடைப்போல் பல நூறு மடங்கு. 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆட்கள் குறைவு, ஆனால் கம்பெனிகள் கொடுக்கும் ஆதரவுப் பணத்தில் அவர்களுக்கு அதுவே பிழைப்பு.

கேள்வி: எல்லாம் பார்த்துச் சேர்த்தாயிற்று. இனி நிம்மதிதானே?

பதில்: வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லாக் ஃபைலை கிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். 2022 ஜனவரியில், டெர்மினல் எழுத்துக்கு நிறம் கொடுக்கும் கலர்ஸ் லைப்ரரியை எழுதியவரே அதற்குள் முடிவில்லாத லூப்பை வைத்தார். புது வெர்ஷனைத் தானாக இழுத்துக்கொண்டவர்களின் திரையில் அர்த்தமற்ற எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. வெர்ஷனைப் பூட்டி வைத்தவர்களுக்கு அன்று சாதாரண நாள். அதற்காக ஒரே வெர்ஷனில் வருடக்கணக்கில் உறையவும் வேண்டாம்: மாதம் ஒருமுறை சேஞ்ச்லாகைப் படித்து, டெஸ்ட் ஓட்டி, ஏற்றுங்கள். அந்த லைப்ரரிக்கு ஸ்பான்சர் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் மேனேஜரிடம் அதையும் பட்ஜெட்டில் கேளுங்கள்.