செட் அண்ணன்

ஹட்டன் டவுனில் காலை எட்டரைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும் தோட்டத்துச் சனத்தின் கையில் மூன்று பொருள் இருக்கும்: குடை, பொலித்தீன் பையில் சுருட்டிய பிறப்புச் சான்றிதழ், செட் அண்ணனின் போன் நம்பர். மழை இல்லையென்றால் குடைக்கு வேலையில்லை. சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் அதற்கும் வேலையில்லை. நம்பர் மட்டும் எந்நாளும் வேலை செய்யும். இரண்டு சிம் போட்ட போன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் இடாப்பில் பத்திரமாக இருக்கிறது. டிக்கோயாவில் ஒருத்தர், கொட்டகலையில் ஒருத்தர், பொகவந்தலாவையில் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் என்று முகம் மாறினாலும் ஆள் ஒரே ஆள்தான். வயது நாற்பதுக்கு மேல், அறுபதுக்குள். சட்டைப் பையில் இரண்டு பேனை. ஒன்று கையெழுத்துக்கு, மற்றது கேட்பவருக்கு இரவல் கொடுக்க. பேர்சைத் திறந்தால் பாஸ்போர்ட் சைஸ் படங்கள் கத்தையாக விழும். ஒன்றில்கூட அவர் இருக்கமாட்டார். படிவங்களில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதுவார். என்ன வியாபாரம் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

வியாபாரத்தின் சரக்கு ஒரேயொரு ஆங்கில வினைச்சொல். பொடி மெனிக்கேயில் ஜன்னல் சீட்டா? செட் பண்ணலாம். தோட்டத்துத் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கரா? செட். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணி போக வேனா? செட். பையனுக்குக் கொழும்பில் கடை வேலை, அதே கடையிலிருந்து தீபாவளிக்கு அவனுக்கு லீவு, டன்பார் மைதானத்துக் கூட்டத்துக்கு ஆள், அந்த ஆட்களுக்குச் சோத்துப் பார்சல், பேச வருகிறவருக்குப் பொன்னாடை, எல்லாமே செட்.

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தச் சொல்லின் வினை வடிவத்துக்கு மட்டும் 430 பொருள் கொடுத்தது. வேறெந்த வினைக்கும் அதில் அவ்வளவு இல்லை. பிறகு ‘ரன்’ 645 பொருளோடு முந்திவிட்டதாக அகராதிக்காரர்கள் அறிவித்தார்கள். அது சமதரைக் கணக்கு. நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊரில், மல்லிகைப்பூ சந்தி ஏற்றத்தில், யாரும் ரன் பண்ண முடியாது. செட் பண்ணத்தான் முடியும்.

செட் அண்ணனின் அகராதி இன்னும் அச்சேறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு மனப்பாடம். ‘செட் பண்ணலாம்’ என்றால் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ‘செட் பண்ணித் தாரேன்’ என்றால் ஒரு பிளேன்டியும் இரண்டு வடையும் உங்கள் கணக்கில். ‘செட் பண்ணிக்கிட்டிருக்கேன்’ என்றால் சுத்தமாக மறந்துவிட்டார். ‘செட்டாயிருச்சு’ என்றால் காரியம் தானாக நடந்துவிட்டது. ‘செட்டாகல’ என்றால் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது, அதோடு குற்றமும் உங்களுடையது. போன கிழமையே வந்திருக்க வேண்டும். தாம் செய்தால் அது செட். அதையே பொகவந்தலாவைக்காரர் செய்தால் செட்டப்பு. ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இலங்கையில் எந்தக் கவுண்டரிலும் கேட்காத விருந்தோம்பல் அது.

மொழிப் பிரச்சினையும் அவருக்கு இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்தச் செய்தி கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சில கவுண்டர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அண்ணன் அதற்காகக் காத்திருக்கவில்லை. தமிழில் ‘செட் பண்ணித் தாரேன்’, சிங்களத்தில் ‘செட் கரலா தென்னங்’, வெள்ளைக்கார டூரிஸ்டிடம் வெறும் ‘செட்’. மொத்த ஆங்கிலத்தையும் இணைப்பு மொழி ஆக்கியிருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வினை போதும்.

போனில் அவர் பேசுவதைப் பார்க்கவேண்டும். இடது கை காதில், வலது கை எதிரில் நிற்பவரின் தோளில். “ஆ மாத்தயா, நாந்தான்... ஆமாமா, நம்ம ஆளுதான்... ஓவ், ஓவ்... சரி, இப்பவே அனுப்புறேன்” என்று கந்தோர் மாத்தயாவுடன் குடும்ப விசயம் வரைக்கும் போவார். ஒரு நாள் இப்படிப் பேச்சு உச்சத்தில் இருக்கையில், அதே மாத்தயா எதிர்ப்பக்கத்து பேக்கரியில் நின்றிருந்தார். ஒரு கையில் பாண், மறு கையில் குடை. பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் அண்ணனின் கையைச் சுமந்து நின்றவர், பெரிய மனுசருக்கு ரெண்டு வேலையையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிகிறது என்று மெச்சிக்கொண்டார்.

இந்த வம்சம் நேற்று முளைத்ததல்ல. கோப்பிக் காலத்தில் இதே வேலையைப் பெரிய கங்காணி பார்த்தார். இந்தியாவில் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து ஆள் சேர்த்தார், கூட்டிவந்தார், வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இத்தனை என்று துரையிடம் தலைக்காசு வாங்கினார். அவர் ஆளையே செட் பண்ணினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். துண்டு ஒழிந்த பிறகாவது காகிதத் தொல்லை விட்டதா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் ஆட்களைத் தலைக்கணக்கில் இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள். மிச்சம் நின்றவர்களுக்கு 2003வரைக்கும் சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு தலைமுறை படிவம் நிரப்பியே நரைத்தது. பதிந்தவர் காதில் விழுந்தபடி ஒரே பாட்டி ஒரு காகிதத்தில் மாரியாயி, இன்னொன்றில் மாரியாய், மூன்றாவதில் மேரி. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க நாலாவது காகிதம் வேண்டும். அந்த நாலாவது காகிதத்தில்தான் செட் அண்ணன் பிறந்தார்.

டவுன்காரர்கள் “ஏன் இவனுக்குக் காசு கொடுக்கிறீர்கள், நேரே போனால் என்ன?” என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பேர் கணக்குத் தெரியாது. ஒரு நாள் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது அன்றைய சம்பளம், போச்சு. அந்தப் பேரை 1,000 ரூபாய் ஆக்கவே வருசக்கணக்கில் போராட வேண்டியிருந்தது, 2021இல்தான் கிடைத்தது. நேரே போய், “நாளைக்கு வாங்க” என்று கேட்டுத் திரும்பினால் இன்னொரு பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு. அண்ணனுக்குக் கொடுக்கிற காசு அந்த ‘நாளைக்கு வாங்க’வுக்குக் கட்டும் இன்சூரன்ஸ். கிளெய்ம் கிடைப்பதில்லை என்பது வேறு விசயம். எந்த இன்சூரன்சில்தான் லேசில் கிடைக்கிறது?

அண்மையில் ஓர் அலுவலகத்தில் புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறது. தமிழ் பேசும், சிங்களமும் எழுதும், லயத்தில் வளர்ந்த பிள்ளை. மஸ்கெலியாப் பக்கத்துக் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி மகனின் சான்றிதழ் எடுக்க வந்தார். வழக்கம்போல முதலில் தேத்தண்ணிக் கடைக்கு வந்து அண்ணனைப் பார்த்தார்.

“போங்க தங்கச்சி, உள்ளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்” என்று அண்ணன் அனுப்பினார். யாரிடம் சொல்லி வைத்தார் என்று பாவம் அவருக்கே தெரியாது.

அக்கா உள்ளே போனார். அந்தப் பிள்ளை “உட்காருங்கம்மா” என்றது, படிவத்தைத் தானே எழுதியது, பிழையான எழுத்தை வாசித்துக் காட்டித் திருத்தியது, யார் அனுப்பினார்கள் என்று கேட்கவே இல்லை. பிளேன்டி ஆறுவதற்குள் அக்கா சான்றிதழோடு வெளியே வந்தார். நேரே ரோட்டைக் கடந்து வந்து அண்ணன் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திணித்தார்.

“ஒங்க பேரச் சொல்லவே வேண்டியிருக்கல அண்ணே. அந்தளவுக்குச் செட் பண்ணி வெச்சிருக்கீங்க.”

அண்ணன் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “சீல் நல்லா விழுந்திருக்கு” என்றார். பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து, “பஸ்ஸுக்கு வெச்சுக்கங்க” என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறும் வரை சிரித்த முகமாக இருந்த அண்ணன், கடைக்காரத் தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“தம்பி, அந்தப் புதுப் பிள்ள எந்தத் தோட்டம்னு விசாரிச்சுச் சொல்லு. கெதியா அதச் செட் பண்ணணும். இப்பிடியே வுட்டா நம்ம பொழப்பு செட்டாகாது.”